ஜீன் டெஸ்ட் கிட் ஆர்டர் பண்ணப் போறீங்களா? முதல்ல ஜவ்வாது மலையில என்ன பண்றாங்கன்னு பாருங்க



சம்பளம் வந்த வாரத்துல இன்ஸ்டாகிராம் திறந்தா இப்போ ஒரு விளம்பரம் தவறாம வருது. ஒரு சின்னக் குழாய்ல எச்சிலைத் துப்பி கூரியர்ல அனுப்பினா போதும். சர்க்கரை வருமா, ஹார்ட் பிரச்சினை வருமா, எந்த டயட் ஒத்துக்கும், காபி எத்தனை கப் குடிக்கலாம்னு எல்லாத்தையும் உங்க டிஎன்ஏ பார்த்துச் சொல்லிடுவோம்னு சொல்றாங்க. சில ஆபீஸ்ல ஹெச்ஆர் டீமே 'வெல்னெஸ் ஆஃபர்'னு தள்ளுபடி கூப்பனோட மெயில் அனுப்புறாங்க. விலை சில ஆயிரத்துல ஆரம்பிச்சு இருபதாயிரத்தைத் தாண்டியும் போகுது. நோ-காஸ்ட் இஎம்ஐ வேற.

"வாங்கலாமா, வேண்டாமா?"ன்னு கேட்டா என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஜீன் டெஸ்ட்டுக்கு நான் எதிரி இல்லை. சரியான இடத்துல எடுத்த ஒரு டெஸ்ட் ஒரு குடும்பத்தையே காப்பாத்தும். ஆனா கடையில பொருள் வாங்குற மாதிரி, கேள்வியே இல்லாம பதிலை மட்டும் காசு கொடுத்து வாங்குறது உங்க பணத்துக்கும் நல்லதில்லை, மனசுக்கும் நல்லதில்லை. அதனால வரக்கூடிய இன்சூரன்ஸ், டேட்டா சிக்கல்களைப் பத்தி விளம்பரத்துல ஒரு வார்த்தை கூட இருக்காது.

சரியான டெஸ்ட் எப்படி இருக்கும்னு புரியணும்னா, நம்ம ஊர் மலை ஒண்ணையே பார்க்கலாம்.

ஜவ்வாது மலையில் கேட்கிற ஒரே கேள்வி

வீக்எண்டுக்கு பைக் எடுத்துட்டு ஜவ்வாது மலைக்குப் போனவங்க உங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. ஜமுனாமரத்தூர்ல ஒரு டீ, பீமன் நீர்வீழ்ச்சி, காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம், திரும்பும்போது ஒரு பாட்டில் மலைத்தேன், ரெண்டு கிலோ சாமை. நமக்கு அந்த மலை அவ்வளவுதான்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்கள்ல பரவிக் கிடக்கிற அந்த மலையில வாழ்றவங்கள்ல பெரும்பாலானவங்க மலையாளி பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் இல்லை. தமிழ் பேசுற மலைவாழ் மக்கள், பட்டியல் பழங்குடியினர்.

2023 ஜூலை 1 அன்னிக்கு மத்தியப் பிரதேசத்துல இருக்கிற ஷாடோல்ல பிரதமர் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கி வெச்சார். சிக்கிள் செல் அனீமியா ஒழிப்புத் திட்டம். நம்ம பள்ளிப் பாடப்புத்தகத்துல 'கதிர் அரிவாள் ரத்தசோகை'ன்னு படிச்சிருப்பீங்களே, அதேதான். 17 மாநிலங்கள்ல பழங்குடிப் பகுதிகள்ல வாழ்ற 40 வயசு வரைக்குமான 7 கோடிப் பேருக்கு டெஸ்ட் எடுக்கணும், 2047-க்குள்ள இந்த நோயை ஒழிக்கணும்ங்கிறது இலக்கு. அந்த 17-ல தமிழ்நாடும் ஒண்ணு. ஜவ்வாது மலை மாதிரியான பழங்குடிப் பகுதிகளுக்காகத்தான் இந்தத் திட்டமே.

தமிழ்நாட்டுக்கு இது புதுக் கதையும் இல்லை. இந்தியாவுல இந்த சிக்கிள் மாற்றத்தை முதன்முதலா கண்டுபிடிச்சதே நம்ம நீலகிரி மலைவாழ் மக்கள்கிட்டதான். லேமன், கட்புஷ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1952-ல அதை வெளியிட்டாங்க.

நோய் எப்படி வருதுன்னு சுருக்கமா பார்க்கலாம். ஹீமோகுளோபினுக்கான ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். அம்மா, அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் அந்த மாற்றம் வந்தா நீங்க 'கேரியர்'. பொதுவா எந்தத் தொந்தரவும் இருக்காது. மலேரியா தீவிரமாகாம அது காப்பாத்தவும் செய்யும். ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தாத்தான் நோய். சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைஞ்சு ரத்தக்குழாயை அடைக்கும். தாங்க முடியாத வலி, ரத்தசோகை, அடிக்கடி ஆஸ்பத்திரி. கேரியரா இருக்கிற ரெண்டு பேர் கல்யாணம் பண்ணினா, ஒவ்வொரு கர்ப்பத்துலயும் குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு நாலுல ஒண்ணு.

கண்டுபிடிக்கிற முறையைப் பாருங்க. விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தம். ஒரு திரவத்துல கலப்பாங்க. கலங்கினா, அடுத்து ஹெச்பிஎல்சி அல்லது எலக்ட்ரோபோரசிஸ் டெஸ்ட் பண்ணி, கேரியரா நோயாளியான்னு உறுதி பண்ணுவாங்க. இது டிஎன்ஏ டெஸ்ட்டே கிடையாது. ஹீமோகுளோபினைத்தான் பார்க்கிறாங்க. ஆனா உங்க ஜீன் பத்தித் தெளிவான ஒரு பதில் கிடைச்சிடுது. மக்களுக்கு இலவசம்.

இந்த முறையில மூணு விஷயத்தைக் கவனிங்க.

முதல்ல, டெஸ்ட் எடுக்கும் முன்னாடியே கேள்வி முடிவாகிடுது: இவருக்கு சிக்கிள் ஜீன் இருக்கா, இல்லையா?

ரெண்டாவது, பதில் எதுவா இருந்தாலும் அடுத்து என்ன பண்றதுன்னு தெரியும். நோய் இருந்தா ஹைட்ராக்சியூரியா, ஃபோலிக் ஆசிட், தடுப்பூசி, தொடர் கண்காணிப்பு. கேரியரா இருந்தா, கல்யாணத்துக்கு முன்னாடியோ குழந்தைக்கு முன்னாடியோ இணையரையும் டெஸ்ட் பண்ணணும்.

மூணாவது, எதிர்ல உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஒரு ஆள் இருக்கணும். இந்தத் திட்டத்துல கவுன்சலிங்கும் ஒரு பகுதி. இங்கதான் சறுக்கலும் வரலாம். கையில கார்டை மட்டும் கொடுத்துட்டு விளக்கம் சொல்லாம போனா, 'அந்தப் பொண்ணுக்கு ஏதோ வியாதி'ன்னு ஊர் பேசும், கல்யாணம் நின்னு போகும். உண்மையில கேரியரா இருக்கிற ஒருத்தர், ஹீமோகுளோபின் நார்மலா இருக்கிற ஒருத்தரைத் தாராளமா கல்யாணம் பண்ணலாம். குழந்தைக்கு அந்த நோய் வராது. இதைப் புரியும்படி சொல்றவங்க இல்லாட்டி அரசாங்க டெஸ்ட்டே பாதி டெஸ்ட்தான். அப்படின்னா பிடிஎஃப் மட்டும் அனுப்புற ஆப்பைப் பத்தி என்ன சொல்றது?

பணக் கணக்கும் ஒண்ணு இருக்கு. இந்த நோய்க்கான ஜீன் எடிட்டிங் சிகிச்சை 'காஸ்ஜெவி'க்கு அமெரிக்காவுல 2023 டிசம்பர்ல அனுமதி கிடைச்சது. பட்டியல் விலை 22 லட்சம் டாலர். நம்ம பணத்துல 18 கோடி ரூபாய்க்கு மேல. இன்னொரு பக்கம், ஒரு சொட்டு ரத்தத்துல முடியுற டெஸ்ட். ஒரு டெஸ்ட்டோட மதிப்பு அதோட விலையில இல்லை, அது மாத்துற முடிவுல இருக்குங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

இப்போ உங்க வீட்டுக்கு வர்ற கிட்

நம்ம டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்து. விலை குறைஞ்ச கிட்கள்ல பெரும்பாலானவை அதை முழுசா படிக்கிறதில்லை. ஒரு சிப்ல முன்கூட்டியே தேர்ந்தெடுத்த சில லட்சம் இடங்களை மட்டும் பார்க்கும். ஒரு தடிமனான புத்தகத்துல சில வரிகளுக்கு மட்டும் கோடு போட்டுப் படிக்கிற மாதிரி. கோடு போடாத வரியில தப்பு இருந்தா தெரியாது.

இது எவ்வளவு முக்கியம்னு ஒரு உதாரணம் சொல்றேன். மார்பகப் புற்றுநோயோட தொடர்புள்ள பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஜீன்கள்ல நோயை உண்டாக்கக்கூடிய மாற்றங்கள் ஆயிரக்கணக்குல இருக்கு. 2018-ல அமெரிக்காவோட எஃப்டிஏ, 23அண்ட்மீ கம்பெனிக்கு வீட்டு டெஸ்ட்டா விற்க அனுமதிச்சது அதுல வெறும் மூணு மாற்றங்களுக்கு. அந்த மூணும் முக்கியமா அஷ்கெனாசி யூத மக்கள்ல காணப்படுறவை. (2023-ல அது 44 ஆச்சு.) திண்டிவனத்துல பிறந்த ஒரு பொண்ணுக்கு அந்த மூணும் இல்லைன்னு ரிப்போர்ட் வந்தா, அதுக்கு அர்த்தம் அநேகமா ஒண்ணுமே இல்லை. ஆனா அவங்க 'நமக்குப் பயம் இல்லை'ன்னு நினைச்சுட்டு கட்டியைக் கவனிக்காம விட்டா? தப்பான நிம்மதிக்கும் ஒரு விலை இருக்கு.

அடுத்தது சர்க்கரை, பிபி, ஹார்ட் ரிஸ்க். இதெல்லாம் ஒரே ஒரு ஜீன் விவகாரம் இல்லை. நூத்துக்கணக்கான மாற்றங்கள், ஒவ்வொண்ணும் கொஞ்சூண்டு தள்ளும். எல்லாத்தையும் கூட்டி ஒரு ஸ்கோர் போடுவாங்க. உலக அளவுல அந்தக் கணக்குக்கு அடிப்படையான ஆராய்ச்சி டேட்டாவுல பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளி மக்களோடது. நமக்குப் பொருத்தும்போது துல்லியம் குறையும். இந்தியாவோட 'ஜீனோம் இந்தியா' திட்டத்துல 10,000-க்கும் மேற்பட்டவங்களோட முழு ஜீனோம் டேட்டா ஆராய்ச்சிக்குத் திறந்துவிடப்பட்டதே 2025 ஜனவரியிலதான். நம்ம மக்களுக்கான கணக்கு இனிமேதான் வரணும்.

கம்பெனிக்குக் கம்பெனி பதில் மாறுமா? மாறியிருக்கு. 2010-ல அமெரிக்க அரசோட தணிக்கை அலுவலகம் ஒரே ஆட்களோட மாதிரிகளை நாலு கம்பெனிகளுக்கு அனுப்பிப் பார்த்தது. ஒரே நபருக்கு ஒரே நோயில ஒரு கம்பெனி 'சராசரிக்கும் குறைவு', இன்னொண்ணு 'சராசரி', மூணாவது 'சராசரிக்கும் மேல'ன்னு சொல்லிச்சு. தொழில்நுட்பம் அப்புறம் நிறைய முன்னேறியிருக்கு, உண்மைதான். ஆனா எந்த மாற்றங்களை எடுத்துக்கிட்டு எப்படிக் கூட்டுறதுங்கிறது இன்னிக்கும் கம்பெனியோட முடிவுதான்.

இன்னொண்ணு. உங்களுக்குச் சர்க்கரை ரிஸ்க் இருக்குன்னு தெரிஞ்சுக்க டிஎன்ஏ வேணுமா? 2023-ல வெளிவந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வுப்படி நாட்டுல 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேருக்கு அதுக்கு முந்தைய கட்டம். தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்து, நீங்க நாள் முழுக்க சேர்ல உட்கார்ந்து வேலை பார்த்தா, ரிஸ்க் இருக்குன்னு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போ எவ்வளவு இருக்குங்கிறதுதான் கேள்வி. அதை ஹெச்பிஏ1சி டெஸ்ட் சில நூறு ரூபாய்ல சொல்லிடும்.

ரிப்போர்ட்டுக்கு அப்புறம்தான் செலவு ஆரம்பம்

கிட் விலை ஒரு டவுன் பேமென்ட் மாதிரி. ரிப்போர்ட்ல நாலு இடத்துல சிவப்பு வரும். கீழேயே 'உங்க ஜீனுக்கு ஏத்த' வைட்டமின், டயட் பிளான், கன்சல்டேஷன் பேக்கேஜ். சிவப்பைப் பார்த்துப் பயந்தவங்க ஸ்கேன், கார்டியாலஜிஸ்ட்னு அலைவாங்க.

அந்தச் சிவப்பு உண்மைதானா? நுகர்வோர் கிட்கள்ல இருந்து கிடைச்ச மூல டேட்டாவுல இருந்த மாற்றங்களை ஒரு மருத்துவ லேப் திரும்பச் சோதிச்சது. 2018-ல வெளியான அந்த ஆய்வுல 49 பேரோட மாதிரிகள். அதுல 40 சதவீத மாற்றங்கள் உண்மையில இல்லவே இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனா எச்சரிக்கைக்குப் போதும். நுகர்வோர் கிட்ல வர்ற எந்தப் பெரிய முடிவையும் மருத்துவ லேப்ல திரும்ப உறுதி பண்ணாம நம்பக் கூடாது. அப்படின்னா ரெண்டு தடவை காசு.

இன்சூரன்ஸ்: இங்கதான் நிதானம் வேணும்

முதல்ல நல்ல செய்தி. ஒருத்தருக்கு இதயத்தசை தடிக்கிற நோய். அது மரபணு நோய்னு சொல்லி யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் கிளைமை மறுத்தது. 2018 பிப்ரவரியில டெல்லி உயர் நீதிமன்றம், இப்படி மரபணு நோய்னு பொத்தாம்பொதுவா விலக்குறது பாரபட்சம்னு தீர்ப்பு சொன்னது. அப்புறம் 2019-ல ஐஆர்டிஏஐ வெளியிட்ட விதிமுறைகள்ல, ஹெல்த் பாலிசிகள்ல மரபணு நோய்களை ஒட்டுமொத்தமா விலக்கி வைக்கக் கூடாதுன்னு தெளிவா வந்துடுச்சு. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்புக் காலமும் 2024-ல அதிகபட்சம் 36 மாசமா குறைஞ்சது. 60 மாசம் தொடர்ந்து பாலிசி இருந்தா, மோசடியைத் தவிர, தகவல் சொல்லலைன்னு கிளைமை மறுக்க முடியாது.

ஆனா இது பாலிசி கைக்கு வந்த பிறகான கதை. பாலிசி கொடுக்கறதா வேண்டாமா, எவ்வளவு பிரீமியம்ங்கிறது அண்டர்ரைட்டிங்ல முடிவாகும். டேர்ம் இன்சூரன்ஸ் விண்ணப்பத்துல டெஸ்ட்கள், குடும்ப நோய் வரலாறு பத்திக் கேள்விகள் இருக்கும். கேட்டதுக்கு உண்மையைச் சொல்லித்தான் ஆகணும். மறைச்சா, முதல் மூணு வருஷத்துக்குள்ள பிரச்சினை வந்தா பாலிசியையே ரத்து பண்ண இன்சூரன்ஸ் சட்டம் 45-ஆம் பிரிவு இடம் கொடுக்குது. உங்களுக்கு அப்புறம் ஆபீஸ் ஆபீஸா அலையப் போறது உங்க வீட்டுக்காரங்கதான்.

அமெரிக்காவுல 2008-லயே ஜினா சட்டம் வந்தது: ஜீன் தகவலை வெச்சு ஹெல்த் இன்சூரன்ஸ்லயோ வேலையிலயோ பாகுபாடு காட்டக் கூடாது. அந்தச் சட்டமே லைஃப் இன்சூரன்ஸைத் தொடலை. நம்ம நாட்டுல அந்த மாதிரி தனிச் சட்டமே கிடையாது.

அதனால என் கருத்து: உங்களை நம்பி ஒருத்தர் இருந்தாக்கூட, டேர்ம் பாலிசியும் சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசியும் முதல்ல. கம்பெனி கொடுக்கிற குரூப் கவர் வேலையோட போயிடும். பொழுதுபோக்குக்கு ஜீன் கிட் எடுக்கிறது அதுக்கெல்லாம் ரொம்பப் பின்னாடி. ஒண்ணை மறைக்கச் சொல்லலை. ஒரு தேவையில்லாத கேள்வியை நீங்களே விலை கொடுத்து உருவாக்க வேண்டாம்னு சொல்றேன். டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்ட்டை மட்டும் இன்சூரன்ஸுக்குப் பயந்து தள்ளிப் போடாதீங்க. அங்க உயிர் முக்கியம்.

பாஸ்வேர்டை மாத்தலாம், டிஎன்ஏவை?

23அண்ட்மீ கதையை ஃபைனான்ஸ் படிக்கிற எல்லாரும் தெரிஞ்சுக்கணும். 2006-ல ஆரம்பிச்சது. 2021-ல பங்குச்சந்தைக்கு வந்து, உச்சத்துல சுமார் 600 கோடி டாலர் மதிப்பு. ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்கள். 2023-ல ஹேக்கர்கள் சுமார் 14,000 அக்கவுண்ட்டுக்குள்ளதான் நேரடியா நுழைஞ்சாங்க. ஆனா 'உறவினர்களைக் கண்டுபிடி' வசதி வழியா 69 லட்சம் பேரோட தகவல் வெளியே போச்சு. 2025 மார்ச்ல கம்பெனி திவால் மனு போட்டது. அப்போ கோர்ட்டுல ஏலத்துக்கு வந்த முக்கியமான சொத்து என்ன? மக்களோட ஜீன் டேட்டாதான். கடைசியில கம்பெனியோட இணை நிறுவனரே நடத்துற ஒரு லாப நோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு வாங்கிச்சு.

நீங்க நம்புறது இன்னிக்கு இருக்கிற கம்பெனியை. நாளைக்கு அதை யார் வாங்குவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. டெபிட் கார்டு நம்பர் கசிஞ்சா பிளாக் பண்ணி வேற வாங்கலாம். ஜீனுக்கு அந்த வசதி இல்லை. அதோட அந்த டேட்டா உங்களோடது மட்டும் இல்லை. பாதி உங்க அண்ணனோட, தங்கச்சியோட, நாளைக்குப் பிறக்கப் போற குழந்தையோட டேட்டா. அவங்க யாரும் 'ஐ அக்ரீ' பட்டனை அழுத்தலை.

நம்ம நாட்டுல 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பர்ல வந்து படிப்படியா அமலுக்கு வருது. ஒப்புதலைத் திரும்பப் பெறவும் டேட்டாவை அழிக்கச் சொல்லவும் உரிமை கொடுக்குது. நல்லது. ஆனா ஜீன் தகவலுக்குன்னு தனியா, கூடுதல் பாதுகாப்புள்ள ஒரு வகையை அந்தச் சட்டம் வைக்கலை.

"தெரிஞ்சுக்கறதுல என்ன தப்பு ப்ரோ?"

இது நியாயமான கேள்வி. ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து நடக்க ஆரம்பிச்சவங்க, சிகரெட்டை விட்டவங்க இருக்கலாம். அந்தப் பயம் எத்தனை மாசம் நிக்கும்? ஜிம்முக்கு வருஷ பீஸ் கட்டிட்டு பிப்ரவரியில நிறுத்துற அதே நாமதானே! நட, தூங்கு, சர்க்கரையைக் குறை, சிகரெட்டை விடு - எல்லா ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்துலயும் இருக்கப் போறது இதுதான். பதில் எப்படி வந்தாலும் அறிவுரை ஒண்ணுன்னா, அந்த டெஸ்ட் எந்த முடிவையும் மாத்தலைன்னு அர்த்தம்.

அப்போ யாருக்கு, எப்போ ஜீன் டெஸ்ட்?

இதைத்தான் வீட்ல உட்கார்ந்து பேசணும்.

1. கல்யாணத்துக்கு முன்னாடி, அல்லது குழந்தைக்கு முன்னாடி. ஹெச்பிஎல்சி முறையில ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்தா சிக்கிள், தலசீமியா கேரியரான்னு தெரியும். இது மலைவாழ் மக்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. தலசீமியா கேரியர்கள் எல்லா ஊர்லயும் இருக்காங்க. லேபைப் பொறுத்து சில நூறுல இருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். வாழ்க்கையில ஒரு தடவை எடுத்தா போதும்.

2. சொந்தத்துல கல்யாணம். மாமா பொண்ணு, அத்தை பையன், அக்கா பொண்ணுன்னு நம்ம ஊர்ல இது சகஜம். தேசியக் குடும்ப நல ஆய்வு-5 படி தமிழ்நாட்டுல 28 சதவீதக் கல்யாணம் உறவுக்குள்ள நடக்குது. நாட்டுலயே இங்கதான் அதிகம். ஒரே தாத்தா பாட்டிகிட்ட இருந்து ரெண்டு பேருக்கும் ஒரே மாற்றம் வர வாய்ப்பு கூடுதல். குடும்பத்துல காரணம் தெரியாம குழந்தை இறந்திருந்தாலோ, பிறவிக் குறைபாடு இருந்தாலோ, ஜெனடிக் கவுன்சலரைப் பாருங்க. ஜவ்வாது மலை அடிவாரத்துல இருந்து கொஞ்ச தூரத்துல வேலூர் சிஎம்சி-லயே மரபியல் துறை இருக்கு.

3. குடும்பத்துல சின்ன வயசுலயே புற்றுநோய், ஹார்ட் அட்டாக், திடீர் மரணம். ரெண்டு மூணு பேருக்கு அப்படி நடந்திருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க. எந்த ஜீனை, யாருக்கு முதல்ல பார்க்கணும்னு அவர் முடிவு பண்ணட்டும். பெரும்பாலும் நோய் வந்தவருக்குத்தான் முதல் டெஸ்ட்.

4. மயக்க மருந்து. ஆபரேஷனுக்கு அப்புறம் உறவுல யாராவது மூச்சு திரும்ப ரொம்ப நேரம் எடுத்தாங்களா? சில தசைத் தளர்வு மருந்துகளை உடைக்கிற என்சைம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. வைசிய சமூகத்துல இது அதிகமா இருக்குன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க மருந்து டாக்டர்கிட்ட இந்த ஒரு வரியைச் சொன்னா போதும். சொல்றதுக்குக் காசு கிடையாது.

இந்த நாலுலயும் ஜவ்வாது மலை டெஸ்ட்ல இருந்த அதே மூணு விஷயம் இருக்கு: கேள்வி, முடிவு, விளக்க ஒரு ஆள்.

12,000 ரூபாய்: ஒரு மாதிரிக் கணக்கு

கிட் விலை 12,000-ன்னு வெச்சுக்கலாம். ஊருக்கு ஊர், லேபுக்கு லேப் விலை மாறும். தோராயமா:

- ஹெச்பிஎல்சி ஹீமோகுளோபின் டெஸ்ட், ஒரு தடவை: 1,000
- ஹெச்பிஏ1சி, கொழுப்பு, அடிப்படை ரத்தப் பரிசோதனை, வருஷத்துக்கு 1,500 வீதம் மூணு வருஷம்: 4,500
- வீட்டுக்கு ஒரு பிபி மெஷின்: 2,000
- மீதி 4,500: அப்பா அம்மாவுக்கு ஒரு முழு செக்கப், அல்லது உங்க சூப்பர் டாப்-அப் பிரீமியத்துக்கு

ஆபீஸ்ல வருஷாந்திர செக்கப் இலவசமா இருந்தா அந்த 4,500-ம் மிச்சம். பல பேர் அந்தக் கூப்பனைப் பயன்படுத்தாமலே காலாவதி ஆக்கிட்டு, ஜீன் கிட்டுக்குக் கார்டைத் தேய்க்கிறாங்க.

அப்படியும் வாங்கியே ஆகணுமா? 'பை நவ்' அழுத்தும் முன்னாடி அஞ்சு கேள்வி

1. எந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடறேன்? ஒரே வரியில எழுத முடியுதா?
2. பதில் 'ஆமா'ன்னா என்ன பண்ணுவேன், 'இல்லை'ன்னா என்ன பண்ணுவேன்? ரெண்டும் ஒண்ணா?
3. இதே பதிலை ஒரு சாதா ரத்தப் பரிசோதனையோ குடும்ப வரலாறோ சொல்லிடுமா?
4. ரிப்போர்ட்டை விளக்கப் போறவர் தகுதியுள்ள ஜெனடிக் கவுன்சலரா, இல்லை சப்ளிமென்ட் விக்கிறவரா?
5. என் மாதிரியையும் டேட்டாவையும் எவ்வளவு காலம் வெச்சிருப்பாங்க, யார்கூடப் பகிர்வாங்க, அழிக்கச் சொன்னா அழிப்பாங்களா? ஆராய்ச்சிக்குப் பகிர்ற டிக் பாக்ஸ் முன்கூட்டியே போட்டிருக்கா?

ஆபீஸ் வழியா வாங்கினா ஆறாவதா ஒண்ணு சேர்த்துக்கோங்க: ரிப்போர்ட் எனக்கு மட்டும்தான் வருதா, ஹெச்ஆருக்கும் ஏதாவது போகுதா? பதிலை மெயில்ல எழுத்துப்பூர்வமா வாங்குங்க.

அடுத்த தடவை ஜமுனாமரத்தூர் போகும்போது, அங்க ஆரம்ப சுகாதார நிலையம் வழியா எத்தனை பேர் ஒரு சொட்டு ரத்தத்துல தெளிவான பதிலோட வீட்டுக்குப் போறாங்கன்னு நினைச்சுப் பாருங்க. நமக்கும் அதுதான் வேணும். அதுக்கு இருபதாயிரம் தேவையில்லை.

நான் டாக்டர் இல்லை, உங்க உடம்பு பத்தின முடிவை உங்க டாக்டர்கூடப் பேசி எடுங்க. கல்யாணம் நிச்சயமாகியிருக்கிற ஃப்ரெண்டு யாராவது இருந்தா முதல் பாயின்ட்டை மட்டுமாவது அவங்களுக்கு அனுப்புங்க. உங்க ஆபீஸ்ல இந்த மாதிரி ஆஃபர் வந்திருக்கா, அதுல டேட்டா பத்தி என்ன எழுதியிருந்தாங்கன்னு கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல டேர்ம் இன்சூரன்ஸ் விண்ணப்பத்துல வர்ற மருத்துவக் கேள்விகளை ஒவ்வொண்ணா பார்க்கலாம்.